பதினைந்து பேர் போகும் பயணத்தில் ஒரு இரண்டு வயதுப் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். எடை 12 கிலோ. அடுத்த மாதம் ஆறு நாள் பயணம் போகிறோம். மாமனார், மாமியார், என் அம்மா, நாத்தனார் குடும்பம் (ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள்), கணவரின் நண்பர்கள் இரண்டு ஜோடி. அதில் ஒரு ஜோடிக்கு எட்டு மாதக் குழந்தை, இன்னொரு ஜோடிக்கு இன்னும் குழந்தை இல்லை. வேனில் ஏழு மணி நேரம். நீச்சல் குளத்தோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். போன வருடம் இதே கூட்டத்தோடு இரண்டு நாள் போனபோது ஆளுக்கு ஒன்றாக ஏதேதோ கொடுத்து அவனுக்கு வயிற்றுப்போக்கு. ராத்திரி பதினொரு மணி வரை தூங்கவும் இல்லை. நான் அறையிலேயே அடைந்து கிடந்தேன். "இத்தனை பேர் இருக்கோம், உனக்கென்ன கவலை" என்கிறார் மாமியார். எனக்கு அந்த இத்தனை பேர்தான் கவலை. எப்படித் திட்டமிடுவது? வேனில் கார் சீட் அவசியமா? ஒரு ராத்திரியாவது அவனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு நாங்கள் வெளியே போகலாமா?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதும் சரி, நீங்கள் பயப்படுவதும் சரி. கணக்குப் போட்டால் உங்கள் கூட்டத்தில் பெரியவர்கள் பதினொரு பேர், பிள்ளைகள் நான்கு. வீட்டில் நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது குழந்தை யார் பொறுப்பில் இருக்கிறான் என்ற சந்தேகமே வராது. ஒருவர் குளிக்கப் போனால் மற்றவர் பார்ப்பார். பதினொரு பேர் இருந்தால் ஆளாளுக்கு "யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்" என்று நினைத்துவிடுகிறார்கள். இதில் யாருக்கும் அலட்சியம் கிடையாது, எல்லாரும் பாசக்காரர்கள்தான். ஆனால் கூட்டமாகப் போகும் பயணத்தில் சிறு குழந்தைக்கு வரும் பெரிய ஆபத்துகள் பெரும்பாலும் இந்த ஓட்டை வழியாகத்தான் வருகின்றன: தண்ணீரில் இறங்கிவிடுவது, தாத்தாவின் மாத்திரையை விழுங்குவது, ஒரே மருந்தை இரண்டு பேர் கொடுத்துவிடுவது, வண்டிக்குள் தூங்கியபடியே விடப்படுவது. அதனால் சாமான் பட்டியல் போடுவதற்கு முன்னால் ஆள் பட்டியலைப் போடுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. எந்த நேரத்திலும் அவன் ஒரே ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், அது யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கை மாற்றும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். "நான் குளிக்கப் போறேன், இவன் இப்ப உங்க பொறுப்பு." எதிரில் இருப்பவர், "சரி, நான் பாத்துக்கறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்றால் குழந்தை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறான். தலையாட்டல், கண்ஜாடை எதுவும் செல்லாது. வாய்ச்சொல் மறந்துபோகும் என்று தோன்றினால் சிவப்பு நிறத்தில் ஒரு கைப்பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கட்டியிருப்பவர்தான் காவல். அடுத்தவர் கையில் அதை மாட்டாமல் அவர் கழிப்பறைக்குக்கூடப் போகக் கூடாது. முதல் நாள் எல்லாரும் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் ஒன்பது வயதுப் பிள்ளையே "பட்டை யார்கிட்ட?" என்று கேட்க ஆரம்பித்துவிடும். அந்தப் பிள்ளை கேட்கட்டும், ஆனால் காவலை அதன் தலையில் கட்டாதீர்கள். அக்காவோ அண்ணனோ, அது விளையாட வந்த குழந்தை.

முறை போடும்போது ஆளின் இயல்பைப் பாருங்கள். பெரியவர்கள் விடியற்காலையில் எழுந்துவிடுவார்கள். காலை 6.30 முதல் 9.00 வரை தாத்தா பாட்டிக்குக் கொடுத்தால் அவர்களுக்கும் சந்தோஷம், உங்களுக்கும் இரண்டு மணி நேரத் தூக்கம். முட்டிவலி உள்ளவர்களிடம் ஓடும் பிள்ளையைத் திறந்தவெளியில் விடாதீர்கள். அறைக்குள் உட்கார்ந்து விளையாடும் நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். குழந்தை இல்லாத நண்பர்களுக்கு மாலையில் முக்கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் அவர்கள் கவனம் சிதறும், அது இயல்புதான். தண்ணீருக்குப் பக்கத்தில் மட்டும் நீங்களோ கணவரோ நீந்தத் தெரிந்த ஒருவரோதான்.

இனி பயணம். வேனில் கார் சீட் அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம். "மடியில் இறுக்கிப் பிடிச்சுக்கறேன்" என்பது பலிக்காது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதிச் சட்டென்று நின்றால் உடலின் மீது அதன் எடையைப் போல சுமார் முப்பது மடங்கு விசை விழும். உங்கள் 12 கிலோ பிள்ளை அந்தக் கணத்தில் முந்நூறு கிலோவுக்கு மேல் இழுப்பான். யார் கையும் அதைத் தாங்காது. மடியில் வைத்து இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவது இன்னும் மோசம், பெரியவரின் எடை குழந்தையைப் பெல்ட்டோடு நசுக்கிவிடும்.

வாடகை வேன்களில் சிக்கல் பெல்ட்டில்தான் வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நடு வரிசை இருக்கைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெல்ட் இருக்கிறதா, அது இடுப்போடு நிற்கிறதா, தோளையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கார் சீட்டின் கையேட்டில் எந்த பெல்ட்டில் கட்டலாம் என்று இருக்கும். பக்கவாட்டில் பார்த்த இருக்கையில் கார் சீட்டைக் கட்டவே கூடாது. பெல்ட்டே இல்லாத வேன் என்றால், உங்கள் சொந்தக் காரில் குழந்தையை உட்கார வைத்து வேனுக்குப் பின்னால் வாருங்கள். பாட்டியும் அத்தையும் ஓரோர் இடைவேளைக்குப் பிறகு காருக்கு மாறி வந்தால் அவனுக்கும் புதுத் துணை கிடைக்கும்.

கட்டுவதில் நடக்கும் தப்புகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, சீட் தளர்ந்திருப்பது. பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டினால் எந்தப் பக்கமும் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. இரண்டாவது, வார் தளர்ந்திருப்பது. தோளருகே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு விழுந்தால் இன்னும் இறுக்க வேண்டும். தடித்த ஸ்வெட்டரோடு உட்கார வைத்தால் இறுக்கமாகத் தெரியும், மோதும்போது ஸ்வெட்டர் அமுங்கி வார் தொளதொளத்துவிடும். கழற்றிவிட்டு, வார் போட்ட பிறகு மேலே போர்த்துங்கள். மூன்றாவது, சீக்கிரமே முன்பக்கம் திருப்பிவிடுவது. சீட்டின் ஒட்டுத்தாளில் பின்னோக்கி வைப்பதற்கான எடை, உயர வரம்பு அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டாதவரை பின்னோக்கியே இருக்கட்டும். இந்த வயதில் தலை பெரிது, கழுத்து மெலிது. பின்னோக்கி இருந்தால் அடி முதுகு முழுக்கப் பரவிவிடும். ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் மட்டும் பின்னோக்கி வைக்கவே கூடாது.

ஏழு மணி நேரப் பயணம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். குழந்தையோடு அது ஒன்பதே கால் மணி நேரம். இப்படிப் போட்டுப் பாருங்கள்: 6.30க்குக் கிளம்பி 8.30க்கு நிறுத்தம், நாற்பது நிமிடம் காலை உணவு. 9.10 முதல் 10.45 வரை ஓட்டம், பிறகு அரை மணி நேரம் அவன் தரையில் ஓட வேண்டும். (கைபேசியைக் கொடுத்து உட்கார வைத்தால் அது இடைவேளை ஆகாது.) 11.15 முதல் 12.15 வரை ஓட்டம், முக்கால் மணி நேரம் மதிய உணவு. 1.00 முதல் 3.00 வரை அவன் தூங்கும் நேரம். பயணத்தின் நீளமான துண்டை அங்கேதான் வைக்க வேண்டும், அதில் யார் கேட்டாலும் வண்டியை நிறுத்தக் கூடாது. 3.00க்கு இருபது நிமிடம் நின்று கிளம்பினால் 3.45க்குப் போய்ச் சேரலாம். இந்த நேரங்களை முதல் நாளே எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். நடுவில் "இங்கே ஒரு அரை மணி நேரம் இறங்கிப் பாத்துட்டுப் போகலாமே" என்று தொடங்குவது வழக்கமாக ஒரு மணிக்குத்தான்.

பயண வாந்தி இரண்டு வயதுக்குள் அபூர்வம், அதன் பிறகுதான் தலைகாட்டும். அதனால் அவனுக்கு இதுவே முதல் தடவையாகக்கூட இருக்கலாம். கிளம்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வயிறு நிறையப் பால் வேண்டாம். திரை வேண்டாம். ஜன்னல் வழியே தூரம் தெரியட்டும், காற்று வரட்டும். வாந்திக்கான மருந்தோ, "தூங்கிடுவான்" என்று யாரோ சொல்லும் சளி மருந்தோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். தூக்கம் தரும் மருந்துகள் சில பிள்ளைகளுக்கு நேர்மாறாகத் தலைகால் தெரியாத ஆட்டம் தரும், சிலருக்கு மூச்சையே மந்தமாக்கும். மாற்றுடை குழந்தைக்கு மட்டும் எடுத்துவைத்தால் போதாது. அவனைத் தூக்கியிருப்பவருக்கும் ஒரு சட்டை கையருகில் இருக்கட்டும். ஒரு ஜிப் பையில் ஒரு முழு உடை என்று மூன்று பை போடுங்கள், அழுக்கானது அதே பைக்குள் திரும்பப் போகும். டயாபர் நாளுக்கு ஆறு என்று முப்பத்தாறு, வயிறு கெட்டால் என்று மேலே பத்து. கழிப்பறைப் பழக்கத்தை இந்த மாதம் தொடங்க வேண்டாம், திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியை விட்டு இறங்கும்போது தலை எண்ணுங்கள். கார், வேன் என்று இரண்டு வண்டி இருந்தால் "அவன் அந்த வண்டியில இருக்கான்" என்ற நினைப்பு கட்டாயம் வரும். வெயிலில் நிற்கும் வண்டியின் உள்ளே பத்தே நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடல் பெரியவர்களைவிட மிக வேகமாகச் சூடேறும். ஓட்டுநர் கடைசியாகப் பின் இருக்கை வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

வீடு வந்ததும் சாமானை இறக்குவதற்கு முன் ஒருவர் குளத்தைப் பார்க்கப் போகட்டும். நாலு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் உயரத்துக்கு வேலி உண்டா, கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா, பக்கத்தில் ஏறி நிற்க வசதியாக நாற்காலி கிடக்கிறதா என்று பாருங்கள். வேலி இல்லை என்றால் வீட்டிலிருந்து குளத்துக்குப் போகும் எல்லாக் கதவுகளுக்கும் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும். இதைப் பதிவு செய்யும்போதே கேட்டிருக்க வேண்டும், இன்னும் ஒரு மாதம் இருப்பதால் இன்றே கேட்டுவிடுங்கள்.

தண்ணீரில் மூழ்கும் சிறு குழந்தை கத்தாது, கையை வீசாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக இருக்கும்போது மூச்சுக்கே நேரம் இல்லை, குரல் எங்கிருந்து வரும்? ஒரு நிமிடத்துக்குள் சத்தமே இல்லாமல் முடிந்துவிடலாம், சுற்றிலும் ஐந்து பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே. அதனால் குளத்தில் இருக்கும் நேரம் முழுக்க ஒருவர் அவனுக்குக் கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கரையில் இன்னொருவர் எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பவராக இருக்க வேண்டும், கைபேசி இல்லாமல், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி. காற்றடைத்த கைப்பட்டைகளும் வளையங்களும் விளையாட்டுப் பொருள்கள், அவற்றை நம்பிக் கண்ணை எடுக்காதீர்கள். விளையாட்டு முடிந்ததும் மிதக்கும் பொம்மைகளை எல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள். மஞ்சள் வாத்து மிதந்துகொண்டிருந்தால் அவன் அதை எடுக்கத் திரும்பி வருவான். எப்போதாவது அவனைக் காணோம் என்றால் கட்டிலடியிலும் மாடியிலும் தேடுவதற்கு முன் முதலில் குளத்தைப் பாருங்கள். நீரில் மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்துவதோடு வாயோடு வாய் மூச்சும் கொடுக்க வேண்டும். உங்களில் இரண்டு பேராவது கிளம்பும் முன் இந்த முதலுதவியைப் பயிற்சியாளரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

குளத்துக்கு எல்லாரும் பயப்படுவார்கள். பாட்டியின் கைப்பைக்கு யாரும் பயப்படுவதில்லை. மூன்று பெரியவர்கள் வருகிறார்கள், ஒவ்வொருவரிடமும் சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பயணத்துக்கு வசதி என்று கிழமை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்து வைத்திருப்பார்கள். கட்டை விரலால் தட்டினால் திறக்கும் டப்பா அது, குலுக்கினால் கிலுகிலுவென்று சத்தம் வேறு. வீட்டில் அலமாரி உச்சியில் இருப்பது, பயணத்தில் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும். க்ளிமிபிரைடு, க்ளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், 12 கிலோ குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிட. அது பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம், அதனால் "நல்லாத்தானே விளையாடறான்" என்று காத்திருக்கக் கூடாது. அம்லோடிபின், வெராபமில், டில்டியாசெம் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான்.

போனதும் எல்லாருடைய மருந்துகளையும் பூட்டு போட்ட ஒரே பெட்டியில் வாங்கி வையுங்கள். மாமியாரிடம் "உங்க மாத்திரையை ஒளிச்சு வைங்க" என்றால் மனத்தாங்கல் வரும். "அத்தை, எல்லார் மருந்துக்கும் நீங்கதான் பொறுப்பு, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள், பெட்டியை ராணுவ ரகசியம் போலக் காப்பார். குழந்தை ஏதாவது விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை குறைகிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கும். சின்ன ரிமோட்டுகளில் இருக்கும் பட்டன் பேட்டரியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.

குழந்தைக்கே கொடுக்கும் மருந்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பாராசிட்டமால் சிரப் இரண்டு வீரியத்தில் வருகிறது, 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளது ஒன்று, 250 மி.கி. உள்ளது ஒன்று. உங்கள் மகனுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 180 மி.கி. முதல் பாட்டிலில் அது 7.5 மி.லி., இரண்டாவதில் 3.6 மி.லி. நீங்கள் ஒரு பாட்டில் கொண்டுபோவீர்கள், நாத்தனார் ஆறு வயதுப் பிள்ளைக்காக இன்னொன்று கொண்டுவருவார். "ஏழரைதானே எப்பவும் குடுப்பா" என்று யாராவது அந்தப் பாட்டிலிலிருந்து ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். போதாக்குறைக்கு, பாட்டி கொடுத்தது தெரியாமல் ஒரு மணி நேரம் கழித்து அப்பாவும் கொடுப்பார். உங்கள் பாட்டிலில் வெள்ளை டேப் ஒட்டி அதில் அவன் பெயர், எடை, மி.லி. மூன்றையும் எழுதுங்கள். கொடுத்த ஒவ்வொரு முறையும் தேதி, மணி, கொடுத்தவர் யார் என்று அதிலேயே குறிக்க வேண்டும். இடைவெளி குறைந்தது நான்கு மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் கூடாது. கொடுப்பவர்கள் நீங்கள் இருவர் மட்டும். வாந்தி, பேதி இருக்கும்போது இபுபுரூஃபன் வேண்டாம். சிறுநீரகத்துக்கு நல்லதல்ல.

போன வருட வயிற்றுப்போக்குக்கு வருகிறேன். கிருமியாகவும் இருந்திருக்கலாம், ஆனால் ஆளாளுக்குக் கொடுத்த பழச்சாறும் இனிப்பும் மட்டுமே அதைச் செய்யப் போதும். சாற்றில் இருக்கும் சர்க்கரை முழுவதும் உறிஞ்சப்படாமல் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 120 மி.லி. சாறுதான் உச்சம், ஐந்து பேர் ஆளுக்கொரு வாய் கொடுத்தால் காலை பத்து மணிக்கே அது முடிந்துவிடும்.

"யாரும் எதுவும் கொடுக்காதீர்கள்" என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. தாத்தா பாட்டிக்குக் கொடுப்பதுதான் பாசம். ஒரு டப்பாவைத் தயார் செய்து, அதன் மேல் அவன் பெயரை எழுதி, பொது மேசையில் வைத்துவிடுங்கள். அவனுக்கு யார் எதைக் கொடுக்க விரும்பினாலும் அந்த டப்பாவிலிருந்துதான். காலையில் ஒரு நாளுக்கான அளவை நீங்கள் நிரப்புங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். கொடுக்கும் இன்பம் அவர்களுக்கு, அளவு உங்களுக்கு. முழுக் கொட்டைகள், பாப்கார்ன், வட்டமாக வெட்டிய கேரட், கெட்டி மிட்டாய் இதெல்லாம் டப்பாவுக்குள் வரக் கூடாது. திராட்சை என்றால் நீளவாக்கில் நான்காக வெட்டியது. ஓடும் வண்டியில் எதையுமே மெல்லக் கொடுக்காதீர்கள், பின்னோக்கி இருக்கும் குழந்தைக்குத் தொண்டையில் அடைத்தால் முன்னால் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. தேன் உங்கள் மகனுக்குப் பரவாயில்லை. அந்த எட்டு மாதக் குழந்தையின் வாயில் யாரும் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, ஒரு வயது வரை.

வயிறு கெட்டுவிட்டால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று படித்துவிட்டுக் கரையுங்கள். 200 மி.லி. பாக்கெட்டும் உண்டு, ஒரு லிட்டர் பாக்கெட்டும் உண்டு. லிட்டர் பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கொட்டிக் கலக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு, உப்பு கூடிப்போய் ரத்தத்தில் சோடியம் ஏறும். ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் அவன் வயதுக்கு 100 முதல் 200 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் தொடருங்கள். தாகத்தில் மடக் மடக்கென்று குடிக்க விட்டால் அப்படியே திரும்பி வரும். கரைத்தது 24 மணி நேரத்துக்குப் பிறகு கீழே போகட்டும். யாராவது பேதியை நிறுத்தும் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தருகிறேன் என்பார்கள். லோபெரமைடு இந்த வயதுக்குக் கூடவே கூடாது. எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, கூப்பிட்டால் நிமிராத சோர்வு, இதில் எது ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைதான். எந்த மருத்துவமனை, எத்தனை நிமிட தூரம், இரவில் குழந்தைகளைப் பார்ப்பார்களா என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்து எழுதிவையுங்கள்.

கிளம்பும் அன்று காலை வேறு யாராவது பிள்ளைக்குக் காய்ச்சலோ பேதியோ என்றால் என்ன செய்வது? அதை இன்றே பேசி முடித்துவிடுங்கள், அன்று காலை பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமலும், கடைசி வாந்தி அல்லது பேதிக்குப் பின் 48 மணி நேரமும் ஆன பிறகே கூட்டத்தில் சேரலாம் என்பது நியாயமான கோடு. அது உங்கள் மகனுக்கும் பொருந்தும் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். வயிற்றுக் கிருமிகள் சிலவற்றுக்குக் கைச் சுத்திகரிப்பான் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும், இருபது நொடி.

தூக்கத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாதது பகல் தூக்கம் ஒன்றுதான். ஒன்றிரண்டு வயதுக்கு நாளுக்குப் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தேவை. மதியம் தூங்காவிட்டால் ராத்திரி சீக்கிரம் தூங்குவான் என்று கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் சொல்வார். நேர்மாறாகத்தான் நடக்கும். சோர்ந்து போன குழந்தைக்கு உடம்பு விழிப்பு ஹார்மோன்களைச் சுரந்து இன்னும் முறுக்கேற்றும். பதினொரு மணி வரை அவன் ஆடியது விளையாட்டு உற்சாகம் அல்ல, களைப்பு. ஒரு மணிக்கு அறைக்குள் போவது, இரவு எட்டு மணிக்குப் படுக்கை, இவை இரண்டும் நகராமல் இருந்தால் நடுவில் மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் சமாளிக்கலாம். அறை ஒதுக்கும்போது கூடத்திலிருந்து தள்ளியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், பெரிய அறை வேண்டாம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணியும் டேப்பும், மின்விசிறியின் சீரான இரைச்சல், வீட்டில் அவன் படுத்த, துவைக்காத போர்வை. அந்த வாசனை பாதி வேலையைச் செய்துவிடும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் மெத்தையைத் தரையில் போடுங்கள். எட்டு மாதக் குழந்தையை உங்கள் மகனோடு ஒரே படுக்கையில் போடாதீர்கள், அதற்குத் தனியாகச் சமதளப் படுக்கை, தலையணை இல்லாமல். நண்பர்கள் ஒன்பதரைக்குச் சாப்பிடட்டும். அவன் ஆறரைக்குச் சாப்பிட்டு எட்டுக்குத் தூங்கிவிட்டால் நீங்களும் அந்தச் சாப்பாட்டுக்கு உட்காரலாம்.

போய்ச் சேர்ந்த முதல் அரை மணி நேரம் யாரும் அவனைத் தூக்க வேண்டாம் என்று சொல்லிவைப்பது நல்லது. அவனாக உங்கள் காலடியிலிருந்து நகர்ந்து போவான். "மாமாவுக்கு முத்தம் குடு" என்று தள்ளிவிட்டால் அடுத்த இரண்டு நாள் உங்கள் இடுப்பை விட்டு இறங்க மாட்டான். பெரிய பிள்ளைகளோடு சண்டை வந்தால், பொம்மையைப் பகிர்ந்துகொள்ளும் புத்தி இந்த வயதுக்கு இன்னும் வரவில்லை என்பதை நாத்தனாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவரவர் பிள்ளையை அவரவர்தான் கண்டிப்பது, அடிதடி என்றால் பக்கத்தில் இருப்பவர் பிரித்து மட்டும் விடுவது என்று வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்குள் சண்டை வராது. வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று போடாமல் அறைக்கு இவ்வளவு என்று போடுங்கள், குழந்தைக்குப் பாதியா முழுதா என்ற பேச்சே எழாது.

உங்கள் கடைசிக் கேள்வி. தாராளமாகப் போகலாம், ஆனால் முதல் இரண்டு ராத்திரிகளில் வேண்டாம். அந்த இரண்டு ராத்திரியும் பாட்டியே அவனைத் தூங்க வைக்கட்டும், நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். பல் துலக்குவது, விளக்கு அணைப்பது, எந்தக் கதை, முழித்தால் தண்ணீரா தட்டிக்கொடுப்பதா, எல்லாம் அவர் கைக்குப் பழகிவிடும். மூன்றாவது அல்லது நான்காவது ராத்திரி கிளம்புங்கள். ஒரே ஒரு பாட்டி பொறுப்பு, இன்னொருவர் துணை. இரண்டு பாட்டிகளையும் சேர்த்துப் பொறுப்பாக்கினால் மறுபடி பழைய கதைதான். குளத்துக் கதவைப் பூட்டி, அந்தச் சாவியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தூங்கிய பிறகு நழுவிப் போகாதீர்கள். நடு ராத்திரி முழித்து, அம்மாவைக் காணாமல், புது வீட்டில் அழுதால் மறுநாள் முழுக்க உங்களை விடமாட்டான். படுக்கும் முன் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அம்மாவும் அப்பாவும் வெளிய போறோம். பாட்டி உன்கூடத்தான் இருப்பாங்க. நீ எழுந்திருக்கும்போது அம்மா இருப்பேன்" என்று சொல்லுங்கள். அழுவான். அழட்டும், பாட்டி தூக்கிக்கொள்வார். நீங்கள் சொன்னபடி காலையில் அங்கே இருங்கள்.